மஞ்சள் பட்டன்

எங்கள் அபார்ட்மென்ட்டில் மொத்தம் 12 வீடு. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் மீட்டிங். மோட்டார் ரிப்பேர், வாட்ச்மேன் தூக்கம், மூன்றாம் மாடி மாமியின் துளசித் தொட்டித் தண்ணீர் இரண்டாம் மாடி வேட்டியில் சொட்டுவது போன்ற தேசியப் பிரச்னைகள்தான் வழக்கமாக வரும்.

இரண்டு மாசம் முன்பு ஒரு புது விஷயம் வந்தது. காலியாக இருந்த வீட்டை இரண்டு திருநங்கைகள் வாடகைக்குக் கேட்டிருந்தார்கள். இருவருக்கும் நல்ல வேலை, அட்வான்ஸ் ரெடி, ஓனருக்கும் சம்மதம். அசோசியேஷன் என்ன சொல்கிறது?

'சரி' என்று 5 கை. 'வேண்டாம்' என்று 5 கை. மீதி இரண்டு பேரில் ஒருவர், நாற்காலியிலேயே தூங்கிவிட்ட ரிடயர்டு தாசில்தார். இன்னொருவர், இதை எழுதிக்கொண்டிருப்பவர்.

தாசில்தாராவது நிஜமாகவே தூங்கினார். நான் கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டு செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரரோடு எதற்கு மனஸ்தாபம்? "மெஜாரிட்டி இல்லை. அதனால வேண்டாம்" என்று செகரட்டரி நோட்டை மூடிவிட்டார்.

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. கணக்கு இடித்தால் தூக்கம் வராது. நான் கை தூக்கியிருந்தால் 6-க்கு 5. ஆக, நான் போட்டது நடுநிலை ஓட்டா, 'வேண்டாம்' ஓட்டா?

உலகத்திலேயே பெரிய அசோசியேஷனில் இதற்கு என்ன வழி என்று பார்த்தேன். ஐ.நா. சபை. இன்றைக்கு 193 ஃப்ளாட். அங்கே கை தூக்குகிற சிரமமெல்லாம் இல்லை, பட்டன்தான். ஆமாம் என்றால் பச்சை, இல்லை என்றால் சிவப்பு. செருப்பு வாரைச் சரிசெய்கிறவர்களுக்கு மஞ்சள்.

2010 நவம்பர் 16 அன்று நியூயார்க்கில் ஒரு தீர்மானம். விசாரணை, தீர்ப்பு எதுவும் இல்லாமல் மனிதர்களைக் கொல்வதைக் கண்டிக்கும் தீர்மானம். யார் யாரைக் குறிவைத்துக் கொல்கிறார்களோ, அந்தக் கொலைகளை அரசாங்கங்கள் ஒழுங்காக விசாரிக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் உண்டு. தெருவோரக் குழந்தைகள், பத்திரிகையாளர்கள், இன, மத, மொழிச் சிறுபான்மையினர் என்று போகும். பாலியல் ஈர்ப்பு காரணமாகக் கொல்லப்படுகிறவர்களும் அதில் பல வருஷமாக இருந்தார்கள். அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிடலாம் என்று ஒரு திருத்தம் வந்தது. 'எந்தப் பாகுபாட்டின் பேரில் கொன்றாலும்' என்று பொதுவாகப் போட்டால் போதுமாம்.

நம் ஊர் கல்யாணப் பத்திரிகை தெரியுமல்லவா? 'சுற்றமும் நட்பும் சூழ' என்று பொதுவாகத்தான் போடுகிறோம். ஆனால் போன கல்யாணத்தில் இருந்த பெரியப்பா பெயரை இந்தக் கல்யாணத்தில் அடித்துவிட்டு, "சுற்றத்துல நீங்களும் உண்டே பெரியப்பா" என்று சொல்லிப் பாருங்கள்!

79-க்கு 70. பெயர் போயே போய்விட்டது.

எடுக்கச் சொன்னவர்களில் தென்னாப்பிரிக்காவும் ஒன்று. பாலியல் ஈர்ப்பை வைத்துப் பாகுபாடு கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே உலகத்தில் முதலில் எழுதிய நாடு! அங்கே உள்ளூரிலேயே, "நம்ம சட்டம் ஒண்ணு சொல்லுது, நம்ம ஆள் அங்கே வேற பட்டனை அமுக்கறாரே?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். மற்ற நாடுகளிலும் அவரவர் அரசாங்கத்தை அவரவர் ஊர் அமைப்புகள் கேட்டன.

இதற்குப் பெயர்தான் 'லாபியிங்'. நான்கூட ஏதோ ஐந்து நட்சத்திர ஹோட்டலில் பெட்டி கைமாறும் சமாசாரம் என்று நினைத்திருந்தேன். நிஜத்தில் இது ரேஷன் கார்டுக்கு அலைவது மாதிரிதான். பட்டனை அமுக்கும் தூதர் தானாக முடிவு எடுப்பதில்லை. அவருக்குத் தலைநகரிலிருந்து உத்தரவு வரும். அந்த ஃபைல் எந்த மேஜையில் இருக்கிறது, ஓட்டு எந்தத் தேதி என்று பார்த்து, முன்கூட்டியே மனு போட வேண்டும். பதில் வராவிட்டால் எம்.பி.யைப் பிடிக்க வேண்டும், பத்திரிகைக்கு எழுத வேண்டும். முக்கியமாக, ஓட்டு முடிந்த பிறகும் "ஏன் சார் அப்படி?" என்று கேட்க வேண்டும்.

சரியாக ஐந்து வாரம். டிசம்பர் 21 அன்று, எடுத்த வார்த்தைகளைத் திரும்பச் சேர்க்க அமெரிக்கா திருத்தம் கொண்டுவந்தது. அன்று ருவாண்டாவின் பிரதிநிதி எழுந்து பேசினார். கொல்லப்படுவதற்கு ஒரு கூட்டம் சட்டத்தில் இலக்கணம் பெற்றிருக்க வேண்டியதில்லை, கொல்ல வருகிறவன் முன்பே இலக்கணம் வகுத்துவிடுகிறான் என்பது அவர் பேச்சின் சாரம். 1994-ல் தன் நாட்டுப் படுகொலையைப் பார்த்தவர்கள் சொன்னால் யார் மறுக்க முடியும்?

93-க்கு 55. மஞ்சள் 27. வார்த்தைகள் திரும்பி வந்தன. தென்னாப்பிரிக்கா இந்த முறை பச்சை. அதோடு விடவில்லை. 2011 ஜூனில் ஜெனீவாவின் மனித உரிமைக் கவுன்சிலில் இந்த உரிமைகளுக்கென்றே முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்ததும் அதே தென்னாப்பிரிக்காதான். 23-க்கு 19.

நம்ம ஊர்? ஜெனீவாவில் 2014, 2016, 2019, 2022 என நாலு தடவை இதே விஷயம் ஓட்டுக்கு வந்தது. நாலு தடவையும் இந்தியா மஞ்சள். 2016-ல், விவகாரம் சுப்ரீம் கோர்ட்டில் இருக்கிறது என்று காரணம் சொன்னார்கள். நியாயம்தான். 2018 செப்டம்பர் 6 அன்று கோர்ட் தீர்ப்பே சொல்லிவிட்டது: 377-வது பிரிவை வைத்து, வயது வந்த இருவர் மனமொத்துச் சேர்வதைக் குற்றமாக்க முடியாது என்று. அடுத்த வருஷமும் மஞ்சளேதான்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம்" என்பார் எதிர்வீட்டுக்காரர். அந்த 377-ஐ 1860-ல் எழுதி வைத்துவிட்டுப் போனவனே வெள்ளைக்காரன்தான் சார்!

2016-ல், இந்த மாதிரிக் கொடுமைகளைக் கண்காணிக்க ஐ.நா. சார்பில் ஒரு தனி நிபுணரை நியமிக்கும் தீர்மானம் 23-க்கு 18 என்று தேறியது. மஞ்சள் 6. அந்த ஆறும் சிவப்பாகியிருந்தால் தீர்மானம் காலி. ஒரு சின்னத் தயக்கத்தில் எத்தனை பேர் தலையெழுத்து தொங்குகிறது பாருங்கள்.

அடுத்த மீட்டிங்கில் அந்த வாடகை விஷயத்தை மறுபடி எடுக்கச் சொல்லி செகரட்டரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். 'எனது ஓட்டு: சரி' என்று கையெழுத்தும் போட்டேன். அவர்களுக்கு இதற்குள் வேறு வீடு கிடைத்திருக்கலாம். கிடைத்திருக்க வேண்டும். ஆனாலும் நோட்டில் 5-க்கு 5 என்றே நிற்கக் கூடாது.

கடிதத்தை வீட்டில் படித்துக் காட்டினேன். "அன்னிக்கே கையைத் தூக்கியிருக்கலாமே?" என்றாள் மனைவி.

இதற்கு 'ஆமாம்' என்று ஒரே பட்டன்தான் இருக்கிறது. அமுக்கிவிட்டேன்.