பணம் போனது, பதில் வரவில்லை

பெட்டிக்கடையில் இருபது ரூபாய் கொடுக்க க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்யும்போது கண்ணுக்குத் தெரிவது ஒரே ஒரு செயலிதான். அதன் பின்னால் செயலி நிறுவனம், அதற்குத் துணைநிற்கும் வங்கி, எல்லா வங்கிகளையும் இணைக்கும் என்பிசிஐ, நம் வங்கி, கடைக்காரரின் வங்கி என ஐந்து அமைப்புகள் சில விநாடிகளில் பேசி முடிக்க வேண்டும். ஒரு கணக்குக்காக, ஒவ்வொன்றும் நூற்றுக்கு 99 முறை சரியாக வேலை செய்வதாக வைத்துக்கொள்வோம். ஐந்தையும் கோத்துவிட்டால் நூற்றுக்கு 95 முறைதான் காரியம் நடக்கும். மீதி ஐந்து முறையும் பெரும்பாலோர் "எங்கள் பக்கம் கோளாறு இல்லை" என்பார்கள். அதில் பொய்யும் இருக்காது. வாடிக்கையாளருக்குப் பொருள் விற்கும்போது ஒரே முகம், புகார் கேட்கும்போது ஐந்து முகம் என்பதுதான் என் குறை.

தோல்விகூடப் பரவாயில்லை, இன்னொரு முறை முயலலாம். பதிலே வராமல் போவதுதான் சிக்கல். கணக்கில் பணம் கழிந்திருக்கிறது, கடைக்காரரின் ஒலிப்பெட்டி பேசவில்லை. மறுபடி அனுப்பினால் இரண்டு முறை போய்விடுமோ என்ற பயம். மனிதர்களுக்கு மட்டுமல்ல, கணினிகளுக்கும் இதே தவிப்புதான். 2025 ஏப்ரல் 12 அன்று யுபிஐ தடுமாறியதற்கு, "அந்தப் பணம் என்ன ஆயிற்று?" என்று வங்கிகளின் கணினிகள் ஓயாமல் கேட்ட கேள்விகளே காரணமாகச் சொல்லப்பட்டன. பிறகு அந்தக் கேள்விகளுக்கு என்பிசிஐ வரம்பு விதித்தது. நெரிசலுக்கு அது மருந்து. பதில் கிடைக்காதவருக்கு அல்ல.

பணத்தைப் பொறுத்தவரை ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரிலேயே ஒரு நல்ல வழி காட்டியது. யுபிஐயில் ஒருவருக்கு அனுப்பிய பணம் போய்ச்சேராவிட்டால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். கடைக்குக் கொடுத்த பணம் உறுதியாகாவிட்டால் ஐந்து நாள் கெடு. தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, அதுவும் வாடிக்கையாளர் கேட்காமலே. கோளாறு எந்தக் கண்ணியில் என்று நிரூபிக்கும் வேலை அவர் தலையில் விழவில்லை. இணைத்து வழங்கப்படும் மற்ற சேவைகளுக்கும் இதே நியாயம் வேண்டும். 2022இல் கோயம்புத்தூர் உட்பட ஐந்து இடங்களில் சோதனைக்கு வந்த, இணைய வணிகத்துக்கான திறந்த வலையான ஓஎன்டிசியில் வாங்கும் செயலி ஒருவருடையது, விற்கும் செயலி இன்னொருவருடையது, கொண்டுசேர்ப்பவர் மூன்றாமவர். பால் பாக்கெட் கிழிந்து வந்தால், ஆர்டர் வாங்கிய செயலிதான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

செய்யாத தவறுக்குச் செயலி ஏன் பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்கலாம். முதலில் பதில் சொல்வது வேறு, கடைசியில் நஷ்டத்தைச் சுமப்பது வேறு. ஒப்பந்தமும் பதிவேடும் நிறுவனங்களிடம் இருக்கின்றன. அவர்கள் தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்ளட்டும். சிறிய செயலிகள் தாங்காது என்பது இதைவிட வலுவான வாதம். அவை மூடிப்போனால் எல்லாவற்றையும் தானே வைத்திருக்கும் ஒரு பெரிய நிறுவனம்தான் மிஞ்சும். அதைத் தவிர்க்கத்தானே இந்தத் திறந்த வலையே பின்னப்பட்டது. ஆகவே அவற்றின் பொறுப்புக்கு உச்சவரம்பு வைக்கலாம், வலையில் சேர்ந்த எல்லோரும் பங்களிக்கும் பொது நிதியிலிருந்து இழப்பீடு கொடுக்கலாம். ஆனால் தகவல் சொல்வதற்கு இந்தச் சலுகை பொருந்தாது. ஒரு கூரியர் பொட்டலம் எந்த ஊரில் நிற்கிறது என்று காட்ட முடிகிறவர்களால், பணமும் ஆர்டரும் யாரிடம் நிற்கின்றன என்று ஒரே திரையில் காட்ட முடியாதா?