கை ஒருத்தருடையது, கையெழுத்து இன்னொருத்தருடையது

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

கிரகப்பிரவேசப் பத்திரிகை வைக்க வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் இரண்டு கேள்வி கேட்கிறேன். வீட்டுக்கு வயரிங் செய்தது யார்? ஈ.பி. ஆபீசில் கொடுத்த டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டது யார்? முதல் கேள்விக்குச் சட்டென்று பதில் வரும். நம்ம ஊர்ப் பையன்தான், நல்லா வேலை செய்வான் என்பார்கள். இரண்டாவது கேள்விக்குப் பேர் தெரியாது. "அதை எலக்ட்ரீசியனே பார்த்துக்கிட்டார் சார், அதுக்குத் தனியா காசு கொடுத்தோம்" என்பார்கள்.

அந்தக் காசு லைசென்சுக்குக் கொடுத்த வாடகை. லைசென்ஸ் வைத்திருப்பவர் அந்த வீட்டு வாசற்படியை மிதித்திருக்க மாட்டார். வேலை செய்தவரிடம் எந்தச் சான்றிதழும் இருக்காது. இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் நம் குழந்தைகள் ஈரக்கையோடு சுவிட்சைத் தொடுகிறார்கள்.

சட்டத்தில் குழப்பம் எதுவும் இல்லை. 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 45-ஆவது விதி, வயரிங் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும், தகுதிச் சான்றிதழ் உள்ள ஒருவர் நேரில் மேற்பார்க்க வேண்டும் என்று சொன்னது. பிறகு 2010-இலும் 2023-இலும் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த ஒழுங்குமுறைகளும் இதையே சொல்கின்றன. விளக்கு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுகிற மாதிரியான வேலைகளுக்கு மட்டும் விலக்கு. தமிழ்நாட்டில் இதற்கென்று மின் உரிமம் வழங்கும் வாரியம் இருக்கிறது. மேற்பார்வையாளர், மின்கம்பியாளர், மின்கம்பி உதவியாளர் என்று படிப்படியாகச் சான்றிதழ்களும் இருக்கின்றன. ஆக, ஏணி இருக்கிறது. நாம்தான் அதைச் சாத்திவைத்துவிட்டுச் சுவரேறிக் குதிக்கிறோம்.

"லைசென்ஸ் வெறும் பேப்பர்தானே சார், கைப்பழக்கம்தான் முக்கியம்" என்று என் மாணவர்களே சொல்கிறார்கள். இயற்பியல் வாத்தியாரிடம் சொன்னால் கணக்குப் போடாமல் விடுவேனா?

பத்தாம் வகுப்பு ஓம் விதியை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். நனைந்த உடம்பின் மின்தடையைச் சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். உடம்பில் பாயும் மின்னோட்டம் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். ஆளைக் கொல்ல இதுவே அதிகம். இப்போது மெயின் போர்டில் இருக்கும் எம்.சி.பி.யைப் பாருங்கள். ஆகச் சின்னதாக 6 ஆம்பியர் என்று போட்டிருக்கும். 0.23 ஆம்பியர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஒரு ஆள் துடித்துக்கொண்டிருக்கும்போதும் அது விழாது. வயர் சூடாகாமல் காப்பதுதான் அதன் வேலை. மனிதனைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்கிற இன்னொரு கருவி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் அது இணைப்பைத் துண்டித்துவிடும். 6 ஆம்பியரில் இருநூறில் ஒரு பங்கு அது.

இந்த வித்தியாசம் கைப்பழக்கத்தில் வராது. இருபது வருஷம் குழாய் பதித்து வயர் இழுத்தாலும் வராது. யாராவது உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்தால்தான் வரும். கற்றுக்கொண்டானா என்று கேட்டுப் பார்த்தால்தான் நமக்குத் தெரியும். தேர்வு என்பது அந்தக் கேள்விதான்.

டெஸ்ட் ரிப்போர்ட்டும் அப்படித்தான். 500 வோல்ட் டி.சி. கொடுத்து மெக்கர் கருவியால் அளந்தால் வயரிங்கின் காப்புத்தடை 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது என்பது விதி. எத்தனை புது வீட்டில் மெக்கரைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள்? ஆனால் ரிப்போர்ட்டில் மட்டும் அளவு எழுதியிருக்கும். அளக்காமல் மார்க் போட்ட விடைத்தாள் அது.

மழைக்காலம் வந்தால் பத்திரிகையில் படிக்கிறோம். கிரைண்டரில், மோட்டார் சுவிட்சில், துணி காயப்போட்ட கம்பியில் கைவைத்து இறந்துபோனார்கள், காரணம் மின்கசிவு என்று. ஏதோ தலையெழுத்து போல அந்த வார்த்தையைக் கடந்துபோகிறோம். எர்த் குழி வெட்டாமல் எர்த் வயரை நியூட்ரலோடு முறுக்கிவிட்ட ஒருவர் அதற்குப் பின்னால் இருக்கலாம். அதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட இன்னொருவரும் இருக்கலாம். செய்தியில் இரண்டு பேரும் வருவதில்லை.

அடுத்து வரும் வாதம்: "லைசென்ஸ், தேர்வு என்று கெடுபிடி செய்தால் படிக்காத ஏழைத் தொழிலாளி பிழைப்பு போய்விடும்." இதைச் சொல்பவர்களில் பாதிப் பேர் தொழிலாளி அல்ல, குறைந்த கூலிக்கு ஆள் தேடுகிறவர்கள். அது இருக்கட்டும், வாதத்துக்கே பதில் சொல்கிறேன். அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு நடத்துகிறது. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். வயரிங் தொழிலில் 5 ஆண்டு அனுபவம் வேண்டும். உச்ச வயது வரம்பு கிடையாது. பெரிய பட்டம் வாங்கியவர்களுக்காக வைத்த தேர்வு அல்ல இது. வேலை தெரிந்தவர்களை மேலே தூக்கிவிட வைத்தது. அறிவிப்பு வருவது தொழிலாளிக்குத் தெரிவதில்லை என்பதுதான் குறை. அதற்கு அறிவிப்பை அவர் காதில் போடுவதுதான் வைத்தியம்.

சான்றிதழ் இல்லாதவருக்கு இப்போது என்ன வாழ்கிறது? கூலியில் ஒரு பங்கு கையெழுத்துக்குப் போகிறது. ஏதாவது நடந்தால் போலீஸ் முதலில் தேடுவது அவரைத்தான். லைசென்ஸ் வாடகை நம்ம ஊர்ப் பையனின் பிழைப்பைக் காப்பாற்றவில்லை. அவனை என்றைக்கும் பையனாகவே வைத்திருக்கிறது.

நம் ஆட்களுக்குத் தேர்வு ஒத்துவராது என்று சொல்கிறவர்கள் சிங்கப்பூர் கதையை மறந்துவிடுகிறார்கள். நம் பிள்ளைகள் எத்தனை பேர் கடன் வாங்கி, சென்டரில் தங்கி, "டெஸ்ட் அடித்து" அங்கே போனார்கள்? டைல்ஸ், பிளம்பிங், வெல்டிங், வயரிங் எல்லாவற்றுக்கும் செய்முறைத் தேர்வு உண்டு. அங்கே கட்டுமான வேலையில் கால் வைக்கப் பாதுகாப்பு வகுப்பு தனி. அதைத் தமிழிலேயே படிக்கலாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பவும் போய் உட்கார வேண்டும். அங்கே பாஸான அதே கை ஊருக்குத் திரும்பினால் யாரும் எதுவும் கேட்பதில்லை. அடுத்தவன் கட்டடத்துக்குத் தேர்வு எழுதலாம், அம்மா இருக்கிற வீட்டுக்கு வேண்டாமா?

ஒருமுறை பாஸானால் ஆயுசுக்கும் போதும் என்பதும் எனக்கு ஒப்புதல் இல்லை. 1990-களில் சான்றிதழ் வாங்கியவர் படித்தபோது வீட்டுக் கூரையில் சோலார் கிடையாது. 2024 பிப்ரவரியில் பிரதமரின் சூரிய வீடு திட்டம் வந்த பிறகு ஊரிலேயே பேனல்கள் ஏறுகின்றன. பகலில் மெயினை அணைத்தாலும் பேனலிலிருந்து வரும் டி.சி. வயரில் மின்சாரம் இருக்கும் என்பது தெரியாமல் கைவைத்தால் என்ன ஆகும்? சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை இணைத்தால் மின்சாரம் வெளி லைனுக்குப் போய், கம்பத்தில் ஏறிய லைன்மேனைக் கொல்லும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியன் அதைப் புதுப்பிக்க ஆண்டுக்கு 4 மணி நேரம் வகுப்பில் உட்கார வேண்டும். ஆசிரியர்களாகிய எங்களையே பணியிடைப் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். தப்பாகப் பாடம் நடத்தினால் மார்க் குறையும். தப்பாக வயரிங் செய்தால் உயிர் போகும்.

வகுப்புக்குப் போனால் அன்றைய கூலி போச்சே என்பது நியாயமான கவலை. அதற்கும் வழி இருக்கிறது. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நல நிதிக்குப் போகிறது. பிளான் அப்ரூவல் வாங்கியவர்களுக்கு இது தெரியும். அந்தப் பணத்திலிருந்து உரிமம் புதுப்பிக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் வகுப்பும், வகுப்பு நாளுக்கான கூலியும் கொடுங்கள் என்று கேட்கிறேன். அவரவர் தாலுகாவிலேயே, தமிழிலேயே, கருவிகளைக் கையில் கொடுத்து நடத்தட்டும். மனப்பாடக் கேள்வித்தாள் வேண்டவே வேண்டாம். ஒரு போர்டைக் கொடுத்துத் தப்பைக் கண்டுபிடிக்கச் சொன்னால் போதும்.

என் மாணவர்களில் லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். பார்க்காத வீட்டுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். பரீட்சையில் அடுத்தவன் பேப்பரில் எழுதினால் வெளியே அனுப்பியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும்.

வீடு கட்டுகிறவர்களுக்கு: கொத்தனார் கூலியில் பேரம் பேசும் நேரத்தில் பாதியை இதற்குச் செலவிடுங்கள். சான்றிதழ் எண்ணைக் கேளுங்கள். கையெழுத்துப் போடுகிறவர் நேரில் வந்து, உங்கள் கண்முன்னே மெக்கர் வைத்து அளந்த பிறகு பணம் கொடுங்கள். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை நீங்களே அழுத்திப் பாருங்கள். ரிப்போர்ட் நகலைப் பத்திரத்தோடு வையுங்கள்.

வயரிங் வேலை செய்யும் தம்பிகளுக்கு: 5 ஆண்டு அனுபவம் இருந்தால் பக்கத்து அரசு ஐ.டி.ஐ.யில் போய் அடுத்த உதவியாளர் தேர்வு எப்போது, என்னென்ன சான்று வேண்டும் என்று விசாரியுங்கள். எழுத்துத் தேர்வுக்கு நான் பாடம் எடுக்கிறேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு என் வீட்டுத் திண்ணைக்கு வாருங்கள். காசு வேண்டாம், நோட்டும் பேனாவும் போதும். லேட்டாக வந்தால் வெளியேதான் நிற்க வேண்டும்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே தாராளமாக எழுதுங்கள். வயரிங் செய்கிற ஒருவரையாவது உங்களுக்குத் தெரியும் அல்லவா, அவருக்கு இதை அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் ஆசிரியர்