கூண்டுக்குள்ள தங்கம், காட்டுக்குள்ள சேவல்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளான நாங்கள் 'கோல்டன் பெசன்ட்' சோடியைக் கண்டால் வாய் பிளப்பம். பொன் கொண்டை, சிவப்பு வயிறு. அது சீனக் காட்டுப் பறவை. கூண்டுகளில் லேடி அம்ஹெர்ஸ்ட் பெசன்டோட கலந்து, அசல் எது எண்டு சொல்லவே கஷ்டமான சோடிகள் கனக்க. நிறத்துக்காக மட்டும் பெருக்கினால் அப்பிடித்தான்.

அதே குடும்பத்திலதான் எங்கட தேசியப் பறவை, இலங்கைக் காட்டுக்கோழி. செம்மஞ்சள் உடல், ஊதா வால், சிவப்புக் கொண்டைக்கு நடுவில மஞ்சள். உலகத்தில வேற எங்கயும் இயற்கையா இல்லை. பேடு வெறும் மண்ணிறம் (அழகில்லையாம்!), 2 முதல் 4 முட்டையில தனியா அடைகிடக்கிறவளுக்கு அந்த நிறம்தான் காவல். இதையும் கூண்டில சோடி போட்டு விக்க வேணுமெண்டு கேக்கிறவையோட எங்களுக்கு உடன்பாடு இல்லை. ஆசையெண்டால் விடியக்காலமை சிங்கராஜாவுக்குப் போங்கோ.