வாசலில் தொடங்கும் காலை

விடியற்காலையில் தேகப்பயிற்சி, புத்திக்கு ஒரு புதிர், பிறகு பிரார்த்தனை என்று ஒரு நியமத்தை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற ஆவல், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களிடமும், நாற்காலியில் உட்கார்ந்தே உழைத்துச் சலித்த இளைஞர்களிடமும் இப்பொழுது பரவி வருவது எனக்கு மிகுந்த சந்தோஷத்தைத் தருகிறது. ஆயினும், அதற்கான உபதேசத்தைக் கைப்பேசியில் தேடுவதற்கு முன்னால், அவர்கள் தங்கள் வீட்டு வாசலை ஒருமுறை பார்க்க வேண்டும்.

என் தாயார் எழுபது வயதைக் கடந்த பின்பும், விடிய இரண்டு நாழிகை இருக்கும்போதே எழுந்து, வாசலைப் பெருக்கி, சாணம் கரைத்துத் தெளித்து, ஈரம் காய்வதற்குள் கோலமிடத் தொடங்கிவிடுவார். முழங்காலை மடக்காமல் இடுப்பை வளைத்துக் குனிந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே அரிசிமாவை நழுவவிட்டபடி அவர் புள்ளி வைத்துக்கொண்டு போவதைத் திண்ணையிலிருந்து பார்த்திருக்கிறேன். 15 புள்ளியில் ஆரம்பித்து, இருபுறமும் இடைப்புள்ளியாக 8 வரை குறைத்தால் மொத்தம் 169 புள்ளிகள். அவர் எண்ணிப் பார்த்ததுமில்லை, ஒரு புள்ளி பிசகியதுமில்லை. ஒற்றை இழைச் சிக்குக் கோலமோ இன்னும் சூட்சுமமானது. ஒவ்வொரு புள்ளியையும் வளைத்துச் சுற்றிவரும் இழை, எங்கும் அறுபடாமல், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டுமாதலால், வழி முழுவதையும் மனத்தில் ஒருமுறை நடந்து பார்த்த பிறகே விரல் அசையும்.

புதிர் என்பது இதுதான். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி என்பவர், ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் சேர்ந்து, கோலங்களின் அமைப்பைக் கணித இலக்கண விதிகளாக வகுத்து 1974-இல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். பள்ளிக்கூடத்து வாசலை மிதித்திராத பெண்கள் தலைமுறை தலைமுறையாக அந்த விதிகளைக் கைப்பழக்கமாகக் காத்து வந்திருக்கிறார்கள். 81 கட்டங்களை நிரப்பும் சுடோகுவையும், பத்திரிகையின் குறுக்கெழுத்தையும் நான் குறைவாக மதிக்கவில்லை. அவையும் சித்தத்தை ஒருமுகப்படுத்தும்.

தேகத்துக்குக் கோலம் மட்டும் போதாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமாவது மிதமான தேக உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாள்தோறும் 22 நிமிடம் வேகமாக நடந்தால் அந்தக் கணக்கு நேராகிவிடும்.

பிரார்த்தனையைத்தான் பலர் கடைசிக்குத் தள்ளிவிட்டு, நேரம் போதவில்லை என்று கைவிடுகிறார்கள். மார்கழியில் என் தாயார் மாவைக் கையில் எடுக்கும்போதே அன்றைக்குரிய பாசுரத்தை முணுமுணுக்கத் தொடங்கிவிடுவார். திருப்பாவை 30 பாசுரங்கள். நாளொன்றுக்கு ஒன்று என்பதே வழக்கம். அந்தச் சிறிய அளவில் பெரிய விவேகம் இருக்கிறது. முதல் நாளே ஒரு மணி நேர ஜபமும், ஐந்து மைல் நடையும் என்று சங்கல்பம் செய்துகொள்கிறவரின் நியமம் ஒரு பட்சம்கூட நிலைப்பதில்லை. வைகறைத் தொழுகைக்கு எழுகிறவர்க்கும், மாதா கோயில் மணி கேட்டு எழுகிறவர்க்கும் இந்த உண்மை பொதுவானது.

இவ்வளவு நன்மையும் பொதிந்த ஒரு காரியத்தைப் பெண்களின் கடமையாக மட்டும் ஒதுக்கிவிட்டு, ஆண்கள் திண்ணையில் அமர்ந்திருந்தது பெரும் பிழை; அதன் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளவில்லை, பயனையும் இழந்தோம். அடுக்குமாடி வீடாயினும் நிலைப்படிக்கு முன்னால் இரண்டு சாண் இடம் இருக்கும். ஐயா, நாளைக் காலையில் கோலமாவுக் கிண்ணத்தை நீங்கள் வாங்கிக்கொண்டு, ஐந்து புள்ளி ஐந்து வரிசையில் ஒரு சிறு கோலமாவது உங்கள் கையால் இடுங்கள்.