அறுபது லீற்றர் தண்ணீருக்கு ஏன் இத்தனை அச்சம்?

வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றை வாடகைக்கு எடுப்பவரிடம் நீட்டப்படும் உடன்படிக்கைகளில் ஒரு பந்தியை அடிக்கடி காணலாம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்ற பந்திக்கும், முற்பணம் வட்டியின்றித் திருப்பித் தரப்படும் என்ற பந்திக்கும் நடுவே அது ஒதுங்கி நிற்கும். நாய், பூனை, பறவை, மீன்தொட்டி ஆகிய எதையும் வீட்டினுள் வைத்தல் ஆகாது என்பதே அதன் சாரம்.

நாயையும் பூனையையும் பற்றி வாதிட இடமுண்டு. குரைப்பு, உரோமம், படிக்கட்டில் அண்டை வீட்டுக் குழந்தை கொள்ளும் பயம் ஆகியன மெய்யான காரணங்களே. ஆனால் மீன் குரைப்பதில்லை. கதவைப் பிறாண்டுவதில்லை. மின்தூக்கியில் யாருடனும் ஏறி இறங்குவதும் இல்லை. அதை ஏன் அந்த வரிசையில் நிறுத்தினார்கள்?

எனது வீட்டு உடன்படிக்கையிலும் இப்பந்தி இருந்தது. படித்துப் பார்த்துத்தான் கையொப்பமிட்டேன். மூன்றாம் மாதமே அதை மீறினேன். அன்று முதல் எங்கள் முன்னறையில் ஒரு மீன்தொட்டி இருக்கிறது. இரண்டு வருட உடன்படிக்கை முடியும் தறுவாயில், அதே பந்தியைச் சுமந்துகொண்டு புதிய பிரதி வந்து மேசையில் கிடக்கிறது. இம்முறை வாயை மூடிக்கொண்டு கையொப்பமிடுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். ஏன் என்பதைப் பகிரங்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் பாரத்தைப் பற்றிய அச்சத்தை எடுத்துக்கொள்வோம். எனது தொட்டி 24 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் 15 அங்குல உயரமும் கொண்டது. விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை நிரப்பினால் ஏறக்குறைய 60 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. கண்ணாடியையும் அடியில் பரப்பிய சரளைக் கல்லையும் சேர்த்தால் 85 கிலோ வரை வரும். சற்றுப் பருத்த ஒரு மனிதரின் எடை அது. அதே அறையில் நிற்கும் எனது புத்தக அலுமாரி அதைவிடப் பாரமானது. புத்தகமொன்று அரைக் கிலோவுக்கும் குறைவாகத் தோன்றினாலும், முந்நூறு புத்தகங்கள் நூறு கிலோவைத் தாண்டிவிடும். புத்தக அலுமாரி வைக்கலாகாது என்று எந்த உடன்படிக்கையிலும் நான் கண்டதில்லை.

அடுத்தது கசிவு. இதுவே உரிமையாளர்களின் பெரிய வாதம். தொட்டி உடைந்தால் கீழ்வீட்டுக் கூரை நனையும் என்பார்கள். உண்மைதான், நனையும். ஆயினும் தொட்டியில் உள்ளது அறுபது லீற்றர் மட்டுமே. அது கொட்டித் தீர்ந்தால் கதை முடிந்தது. சலவை இயந்திரத்தின் நிலைமை வேறு. அது தண்ணீர்க் குழாயுடன் நேரடியாக இணைக்கப்பட்டிருக்கிறது. ஆள் இல்லாத நேரத்தில் அதன் றப்பர் குழாய் வெடித்தால், யாராவது வந்து தண்ணீரைப் பூட்டும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சலவை இயந்திரத்தை உரிமையாளரே வாங்கி வைத்து, அதற்கும் சேர்த்து வாடகை வாங்குகிறார்.

கடந்த வருடம் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் படர்ந்தது. தொட்டி எங்கள் வீட்டில் இருப்பது அப்போதுதான் வெளியே தெரிய வந்தது. உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பவர். அற்றோணித் தத்துவம் பெற்று இங்கே காரியம் பார்ப்பவர் அவருடைய உறவினரான ஒரு பெரியவர். வந்து பார்த்ததும் அவருடைய விரல் நேரே தொட்டியைத்தான் சுட்டியது. தொட்டி முன்னறையில், ஈரம் படர்ந்த இடமோ குளியலறைக்குக் கீழே என்று நான் சொன்னது எடுபடவில்லை. பின்னர் பைப் வேலை செய்யும் பாஸ் வந்து குளியலறைத் தரையில் நான்கு மாபிளைக் கிளப்பிப் பார்த்தார். கட்டடம் கட்டிய காலத்திலேயே ஒழுங்காகச் செய்யப்படாத நீர்க்காப்புப் பூச்சுத்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். திருத்தம் நடந்தது. குற்றச்சாட்டை மட்டும் யாரும் மீளப் பெறவில்லை.

மூன்றாவது நுளம்பு. தண்ணீர் தேங்கினால் டெங்கு வரும் என்பது இந்நாட்டில் விளையாட்டான பேச்சல்ல. 2017ஆம் ஆண்டில் மட்டும் 186,000 இற்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகினர். ஆனால் அந்த நுளம்பு முட்டையிடுவது பூச்சாடித் தட்டிலும், குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் உள்ள நீர்த்தட்டிலும், கவனிப்பாரற்ற வாளியிலுமே. மீன் உள்ள தண்ணீரில் குடம்பி தப்பிப் பிழைப்பது அரிது. மீன் அதைத் தின்றுவிடும். இதற்காகவே சுகாதாரத் துறையினர் நீர்த்தொட்டிகளில் கப்பி மீன்களை விடுகிறார்கள். மலேரியாவைப் பரப்பக்கூடிய புதிய நுளம்பு இனமொன்று 2016ஆம் ஆண்டின் இறுதியில் மன்னாரில் கண்டறியப்பட்டபோது, அங்குள்ள கிணறுகளில் மீன் விடுவதும் தடுப்பு வழிகளில் ஒன்றாக இருந்தது. நுளம்புக்கு எதிராக அரசாங்கம் இறக்கிவிடும் படையை நுளம்பின் பெயரால் வாடகை வீட்டில் தடை செய்வது விந்தையல்லவா?

மின்சாரம் என்று சொல்வோரும் உளர். 8 வாற் வடிகட்டி இரவு பகலாக ஓடினாலும் மாதம் 6 அலகுக்கு மேல் போகாது. அந்தக் கட்டணத்தைச் செலுத்துபவனும் நான்தான்.

ஆக, சொல்லப்படும் காரணங்கள் எவையும் இந்த அளவுத் தொட்டிக்கு முன்னால் நிலைத்து நிற்கவில்லை. உண்மைக் காரணம் அன்று அந்தப் பெரியவரின் வாயிலிருந்தே வந்தது. கோபமாக அல்ல, அறிவுரையாகத்தான் சொன்னார்.

"தம்பி, இது உங்கட சொந்த வீடில்லை. இருந்திட்டுப் போற இடம். இருந்திட்டுப் போறவைக்கு இதெல்லாம் எதுக்கு?"

"அண்ணை, இருக்குமட்டும் இது என்ர வீடுதானே?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை வேண்டும். கொழும்பில் வாடகைக்கு இருக்கும் தமிழர்களுக்கு இருந்துவிட்டுப் போகும் இடம் என்ற சொற்கள் புதியவை அல்ல. 2007 ஜூன் 7ஆம் திகதி, தங்குவிடுதிகளில் இருந்த தமிழர்கள் முந்நூறுக்கும் மேற்பட்டோர் அதிகாலையில் எழுப்பப்பட்டு, பஸ்களில் ஏற்றி நகரை விட்டு அனுப்பப்பட்டனர். உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நிறுத்தப்பட்டது. அதை வீட்டு உரிமையாளரின் ஒரு பந்தியுடன் ஒப்பிடுவது அநியாயம். நான் ஒப்பிடவில்லை. ஆனால் அத்தகைய காலங்களைக் கடந்து வந்த எங்களில் பலருக்கு, பெட்டியில் அடைக்கக்கூடியதை மட்டுமே வாங்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. மீன்தொட்டியைப் பெட்டியில் அடைக்க முடியாது. அதை வாங்குபவன் சில காலமாவது இங்கே இருக்கப் போகிறேன் என்று நம்பியே வாங்குகிறான். அந்த நம்பிக்கையைத்தான் இப்பந்தி தடுக்கிறது.

நான் செய்த தவறையும் சொல்ல வேண்டும். தொட்டி வெளியே தெரிய வருவதற்கு முன்னர், ஒரு சித்திரை மாதத்தில், வீட்டைப் பார்வையிட ஆட்கள் வருவதாக அறிவித்தார்கள். நான் வடிகட்டியை நிறுத்தி, தொட்டியை மேசைவிரிப்பால் இறுக மூடி, மேலே பத்திரிகைக் கட்டுகளை அடுக்கினேன். வந்தவர்கள் மாலைவரை இருந்தார்கள். அவர்கள் போனபின் வேறு வேலையில் மறந்துபோய், இரவு பத்து மணிக்குத்தான் விரிப்பை அகற்றினேன். மூன்று மீன்கள் செத்து மிதந்தன. ஏனையவை மேற்பரப்பில் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறையும். 20 பாகையில் லீற்றருக்கு 9 மில்லிகிராம் வரை கரையும் ஒட்சிசன், 30 பாகையில் ஏழரை மில்லிகிராமாகிவிடும். அசைவும் இல்லாமல் காற்றும் இல்லாமல் மூடிவைத்தால் என்ன நடக்கும் என்பதை நான் அறிந்தே இருந்தேன். அறிந்திருந்தும் செய்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவன், தான் வாடகை கொடுக்கும் வீட்டில், திருட்டுப் பொருளை ஒளிப்பதுபோல ஆறு மீன்களை ஒளித்தான். விலையைக் கொடுத்தவை மீன்கள்.

ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டது நீர்தானே, மீறிவிட்டு நியாயம் பேசலாமா என்று சிலர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். எனது பதில் இதுதான்: கையொப்பமிட்டுவிட்டு ஒளித்தது என் பிழை. அந்தப் பந்தி அங்கே இருந்தது அவர்களுடைய பிழை. எனக்குப் பின்னால் அதே வீட்டைக் கேட்டுப் பத்துப் பேர் நிற்கையில், பந்தியை மாற்றச் சொல்லிக் கேட்பவன் வீட்டை இழப்பான். அத்தகைய கையொப்பத்தைப் பூரண சம்மதம் என்று கொள்ளலாகாது என்பதைப் பல நாடுகள் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டன.

பிரான்சில் 1970 ஜூலை 9ஆம் திகதிய சட்டம், குடியிருப்பு வீட்டில் வளர்ப்புப் பிராணி வைப்பதைத் தடுக்கும் பந்தியைச் செல்லாததாக்கிவிட்டது. பிராணியால் சேதமோ தொந்தரவோ நேரக் கூடாது என்பதே நிபந்தனை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2006ஆம் ஆண்டின் வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவும் பிராணிகளைத் தடுக்கும் வாடகை நிபந்தனை செல்லாது என்கிறது. இங்கிலாந்தின் 2025ஆம் ஆண்டு வாடகையாளர் உரிமைச் சட்டத்தின்படி, பிராணி வளர்க்க அனுமதி கேட்கும் வாடகையாளருக்கு நியாயமான காரணமின்றி மறுப்புச் சொல்ல முடியாது. ஜேர்மனியின் உதாரணம் இவற்றிலும் சுவையானது. அங்கே ஓர் உரிமையாளர், அலங்காரப் பறவைகளும் அலங்கார மீன்களும் தவிர்ந்த எந்தப் பிராணிக்கும் தன் அனுமதி வேண்டும் என்று பந்தி எழுதினார். 2007 நவம்பரில் அந்நாட்டின் சமஷ்டி உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. தொந்தரவு தராத ஏனைய சிறு பிராணிகளையும் ஏன் விலக்களிக்கவில்லை என்பதே நீதிமன்றத்தின் ஆட்சேபம். மீனுக்கு அனுமதி கேட்க வேண்டும் என்று அந்த உரிமையாளருக்கே தோன்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்த நாடுகளின் பெயரைக் காரணத்தோடுதான் வரிசைப்படுத்தினேன். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் வாடகைக்கு விடப்படும் வீடுகளில் கணிசமானவற்றின் உரிமையாளர்கள் அந்த நாடுகளில் வாழும் எம்மவர்கள். எங்கள் வீட்டு உரிமையாளர் ரொறன்ரோவில் இருக்கிறார். அங்கே வாடகைக்கு இருந்துதான் அவரும் தலையெடுத்தார். அந்த வருடங்களில் அவருக்குப் பாதுகாப்பாக இருந்த சட்டத்தின் உணர்வு, இங்கே அவர் வீடு வாங்கியபோது விமானத்தில் கூட வரவில்லை. இதை வாசிப்போரில் அத்தகைய உரிமையாளர்கள் இருப்பார்கள். உங்களிடம்தான் பேசுகிறேன். அங்கே உங்களுக்கு நியாயமாகப்பட்டது இங்கே ஏன் நியாயமில்லாமல் போகிறது?

எங்கள் தொட்டியில் இருப்பவை செரி பார்ப் எனப்படும் சிறு செந்நிற மீன்கள். உலகில் இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்து நிழல் ஓடைகளுக்கு மட்டுமே உரியவை. 1929இல் தெரணியகல என்ற இந்நாட்டு விஞ்ஞானி அவற்றை அறிவியலுக்கு அறிமுகம் செய்தார். இன்று உலகெங்கும் தொட்டிகளில் இனப்பெருக்கம் செய்யப்படுகின்றன. பேர்லினில் ஒரு வாடகை வீட்டில் சட்டபூர்வமாக நீந்தும் இலங்கை மீன், கொழும்பில் ஒரு வாடகை வீட்டில் ஒளிந்து வாழ வேண்டியிருக்கிறது.

எல்லாத் தொட்டியையும் எல்லா வீட்டிலும் வைக்கலாம் என்று நான் சொல்லவில்லை. நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் கொண்ட தொட்டியில் 250 லீற்றருக்கு மேல் பிடிக்கும். கண்ணாடி, கல், தாங்கி எல்லாம் சேர்த்தால் 350 கிலோ வரும். பழைய கட்டடத்தின் மேல்மாடியில் அதை நடு அறையில் வைப்பவரை நானும் ஆதரிக்கமாட்டேன். அங்கே உரிமையாளரைக் கேட்பதும், தேவையானால் பொறியியலாளரைக் கேட்பதும் கடமை.

எனவே புதிய பிரதியில் பழைய பந்தியை வெட்டிவிட்டு, பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "75 லீற்றருக்கு மேற்படாத ஒரு மீன்தொட்டியை வாடகையாளர் உறுதியான தாங்கியின் மீது வைத்துக்கொள்ளலாம். அதனிலும் பெரியதற்கு உரிமையாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். தொட்டியால் இவ்வீட்டுக்கோ கீழ்வீட்டுக்கோ நேரும் சேதத்தை வாடகையாளரே ஈடுசெய்ய வேண்டும். தவறினால் முற்பணத்தில் கழிக்கப்படும்." உரிமையாளர் இழப்பது ஒன்றுமில்லை. சேதத்துக்கு நான் பொறுப்பு. மீனுக்கும் நானே பொறுப்பு.

பெரியவர் அதை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இருமுறை படித்தார். ரொறன்ரோவுக்கு அனுப்பிக் கேட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. மறுப்பு வந்தால் வேறு வீடு தேட வேண்டியிருக்கும். அது எளிதல்ல என்பதும் தெரியும். ஆனால் அந்தத் தொட்டியின் மேல் இனியொரு முறை மேசைவிரிப்பைப் போடுவதாக இல்லை.