அடுப்பங்கரையிலிருந்து ஓர் ஆட்டம்

வீடியோ விளையாட்டு என்ற பேச்சை எடுத்தாலே நாஞ்சில் நாட்டுத் தாய்மார்கள் முகஞ் சுளிப்பது வழக்கம். படிப்பைக் கெடுக்கிறது, கண்ணைக் கெடுக்கிறது, சாப்பிடக் கூப்பிட்டால் காது கேளாமற் செய்கிறது என்பன அதன்மேல் சாட்டப்படும் குற்றங்கள். அவற்றை மறுக்க நாம் முன்வரவில்லை. ஆயினும் அதே தாய்மார்கள் பக்கத்தில் அமர்ந்து, "அடுக்கினது சரியில்லை, மக்கா!" என்று பிள்ளையைத் திருத்தக்கூடிய விளையாட்டு ஒன்று இருக்கிறது. அதன் பெயர் 'வெண்பா'. அதைச் செய்தவர்கள் கனடா தேசத்து டொரான்டோ நகரிலுள்ள 'விசை கேம்ஸ்' என்னும் சிறு ஸ்தாபனத்தார்.

பண்டிதர்களையே திகைக்க வைக்கும் ஒரு யாப்பின் பெயரைச் சமையலறையில் நிற்கும் ஒரு குடும்பத் தலைவிக்கு இட்ட துணிச்சலை நாம் மெச்சுகிறோம். கணவன் பெயர் பாவலன், மகன் கவின். 1988-ஆம் ஆண்டில் கதை தொடங்குகிறது. தமிழ்நாட்டிலிருந்து குடியேறிய இத்தம்பதிகளுக்கு அந்நிய தேசத்தில் நல்ல உத்தியோகம் அமையவில்லை. ஊர் திரும்பிவிடலாமா என்ற யோசனை வேறு. கையிலுள்ள ஒரே செல்வம், வெண்பாவின் தாயார் எழுதிக்கொடுத்த சமையற் புத்தகம். அதிலோ பாதி எழுத்து அழிந்திருக்கிறது.

அழிந்ததை ஊகித்துச் சமைத்து முடிப்பதே ஆட்டம். துப்பாக்கி இல்லை, துரத்துவார் இல்லை, நேரக் கெடுபிடியும் இல்லை. இட்டலித் தட்டுகளை அடுக்கும்போது குழிக்கு நேரே குழி வந்தால் ஆவி ஏறுமா, மேல்தட்டு கீழ்இட்டலியை நசுக்குமா என்று ஆடுபவர் சிந்திக்க வேண்டும். தவறினால் மறுபடியும் முயலலாம். குழாய்ப் புட்டும் வருகிறது. பிரியாணியும் தோசையும் வருகின்றன. அடுப்பருகே ரேடியோ பாடுகிறது. இடையிடையே மகன் வளர்கிறான். வளர வளரத் தாய்மொழி அவன் நாவிலிருந்து நழுவுகிறது. உண்மையில் கதை இதுதான். சமையல் அதற்கு ஒரு பாத்திரம்.

இதை உருவாக்கியதில் முதல்வர் அபி என்பவர். சித்திரங்கள் சாம் எல்கானாவினுடையவை. சங்கீதம் ஆல்பா சம்திங்கினுடையது. பெரிய கம்பெனிகள் நூற்றுக்கணக்கான ஆட்களை வைத்து, கோடி கோடியாகக் கொட்டிச் செய்யும் தொழில் இது. சிறு ஸ்தாபனம் அவர்களோடு பரப்பிலே போட்டியிட முடியாது. 2023 ஜூலை 31-இல் வெளிவந்த 'வெண்பா'வை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் ஆடி முடித்துவிடலாம். கொடுத்த காசுக்கு இவ்வளவுதானா என்று குறைப்பட்டவர்கள் உண்டு. மணிக்கணக்கில் இலக்கியத்தை நிறுப்பவர்களுக்குச் சிறுகதை என்றைக்குமே நஷ்டக் கணக்குத்தான்!

பரிசளிப்போர் அப்படி நிறுக்கவில்லை. 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு, முதற் படைப்புக்கான விருதை இதற்கு அளித்தது. அதே ஆண்டு சான் பிரான்ஸிஸ்கோவில் சுதந்திர விளையாட்டு விழாவின் தலைமைப் பரிசும் கிடைத்தது. அப்பரிசு ஷேமஸ் மெக்னாலி என்ற கனடா இளைஞரின் பெயர் தாங்கியது. குடும்பத்தாரோடு சேர்ந்து ஒரு சிறு விளையாட்டு நிறுவனத்தை நடத்தி, 2000-ஆம் ஆண்டில் இதே பரிசை வென்று, சின்னாட்களிலேயே இருபத்தொரு வயதில் நோய்க்கு இரையானவர் அவர்.

இவ்வழி மலர் தூவியதன்று. புனாவைச் சேர்ந்த 'நாடிங் ஹெட்ஸ்' ஸ்தாபனத்தார், தங்கள் 'ராஜி' விளையாட்டுக்காக 2017-இல் பொதுமக்களிடம் நிதி திரட்ட முயன்றார்கள்; கேட்ட தொகை சேரவில்லை. எனினும் விடாது உழைத்து 2020-இல் வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது புராணம்; விசையார் எடுத்துக்கொண்டது புட்டுக்குழாய். வீட்டு விவகாரம் கலைக்குப் பொருளாகுமா என்று நாஞ்சில் நாட்டில் எவரும் கேட்கமாட்டார்கள். தேரூர்க் கவிமணி ஒரு மருமக்கள்வழிக் குடும்பத்தின் சச்சரவையே 'மான்மிய'மாகப் பாடிய ஊர் அல்லவா இது!

நம் ஜில்லாவில் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளுக்குக் குறைவில்லை. அவர்களிற் பலர் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கிலும் பெங்களூரிலும் பிறர் சொல்லும் வேலையைச் செய்கிறார்கள். வெண்பாவுக்காவது அழிந்த புத்தகம் ஒன்று இருந்தது. சிரட்டைப் புட்டுக்கு மாவை எந்தப் பதத்தில் நனைப்பது, தீயலுக்குத் தேங்காயை எந்த நிறம் வரும்வரை வறுப்பது என்பவை நம் வீடுகளிற் பெரும்பாலும் காகிதம் ஏறாதவை. ஆச்சியின் கைதான் அளவு. ஓணத்துக்கோ பொங்கலுக்கோ ஊர் வரும் இளைஞர்கள் ஒரு பிற்பகலேனும் அடுப்பங்கரையில் அமர்ந்து, கேட்டு எழுதிக்கொண்டு போகலாம். ஆட்டம் செய்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஆச்சிக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.