மூன்று மாதக் கெடு யாருக்கு?

சர்க்கார் ஆபீசோ, பஞ்சாலையோ, பண்ணையோ, வேலையிடத்தில் பாலியல் தொல்லைக்கு ஆளான பெண், கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்திற்குள் புகார் எழுதித் தரவேண்டும் என்கிறது 2013-ஆம் வருஷத்துச் சட்டம். தக்க காரணமிருந்தால் கமிட்டி இன்னும் மூன்று மாதம் கொடுக்கலாம். அதோடு கதவடைப்பு!

மேற்கு வங்கத்தில் சட்டப் பல்கலைக்கழக ஆசிரியை ஒருவர் துணைவேந்தர்மீது புகார் கொடுத்தார். கடைசிச் சம்பவம் 2023 ஏப்ரல், புகார் டிசம்பர். காலம் கடந்ததென்று தள்ளியதை 2025 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் ஊர்ஜிதம் செய்தது. தீர்ப்பைத் துணைவேந்தரின் சுயவிவரக் குறிப்பில் சேர்க்க வேண்டுமாம். பெரிய தண்டனைதான்!

சட்டம் சொல்லிக் கொடுப்பவருக்கே இந்தக் கதி. கோவை வட்டாரத்து மில் விடுதியில் அடைபட்டு, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் போகும் பெண் என்ன செய்வாள்? அம்மாவிடம் வாய் திறப்பதற்குள் கெடு ஓடிவிடும். விசாரணையை 90 நாளில் முடிக்கவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அதைத் தாண்டும் கமிட்டிக்கு எந்தக் கதவு சாத்தப்படுகிறது?

கெடுவை ஒரு வருஷமாக்கு என்கிறோம். அதுவரை, தாய்மார்களே, நாளை எண்ணி வையுங்கள். பத்துப் பேருக்குக் குறைந்த இடமானாலும், காட்டு வேலையானாலும், முதலாளியே குற்றவாளியானாலும் ஜில்லா கலெக்டர் அமைக்கும் உள்ளூர்க் கமிட்டியிடம் போங்கள். எழுதத் தெரியாவிட்டால், எழுத உதவுவது கமிட்டியின் கடமை.